எட்டுப் பேரும் ஒரு கட்டு விடைத்தாளும்

எங்கள் பல்கலைக்கழகத்தில் கற்பித்தலை மேம்படுத்துவதற்கென்று நாங்கள் முதன்முதலாக அமைத்த குழுவுக்குத் தலைவர், இரண்டு துணைத்தலைவர்கள், செயலர், இணைச்செயலர், பொருளாளர் என்று எல்லாரும் இருந்தார்கள். இலச்சினை ஒன்றும் வரையப்பட்டது. தொடக்க விழாவில் நால்வர் வாழ்த்துரை வழங்கினார்கள். சிறந்த ஆசிரியருக்கு ஆண்டுதோறும் விருது வழங்குவது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேறியது. விருதுக்கான தகுதிகளை வகுக்க ஓர் உட்குழுவும் அமைக்கப்பட்டது. இரண்டாம் கூட்டத்துக்குப் பாதிப் பேர் வந்தார்கள். மூன்றாம் கூட்டத்தில் உட்குழுவின் அறிக்கை மீது வாக்குவாதம் நடந்தது. நான்காம் கூட்டம் நடக்கவேயில்லை. அந்த மூன்று கூட்டங்களிலும், தாம் அந்த வாரம் வகுப்பில் எந்தப் பாடத்தை நடத்தினோம், அதில் மாணவர்களுக்கு எது விளங்காமல் போயிற்று என்று எவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்தே உறைத்தது. அந்தக் குழுவின் இணைச்செயலர் நான்தான்.

இப்போது இயங்கிக்கொண்டிருப்பது இரண்டாவது குழு. இதற்கு இலச்சினை இல்லை. பொருளாளரும் இல்லை, அவர் வைத்துக் காப்பதற்குப் பொருளும் இல்லை. ஆனாலும் 7ஆவது ஆண்டாக, விடைத்தாள் திருத்தும் வாரங்கள் நீங்கலாக, 15 நாளுக்கு ஒருமுறை கூடிக்கொண்டிருக்கிறது. வேறு பல்கலைக்கழகங்களில் இதைப் போல ஒன்றைத் தொடங்க விரும்பும் நண்பர்கள் சிலர் எங்கள் விதிமுறைகளின் நகலைக் கேட்கிறார்கள். விதிமுறை என்று நாங்கள் எழுதி வைத்திருப்பது அரைப்பக்கம்தான். அதை மட்டும் அனுப்பினால் யாருக்கும் பயன்படாது என்று தோன்றுவதால், ஒவ்வொரு வரியும் எந்தச் சங்கடத்திலிருந்து பிறந்தது என்பதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதல் குழு நின்றுபோனதற்கு ஆர்வக்குறைவுதான் காரணம் என்று அப்போது எல்லாரும் சொன்னோம். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிறப்பைக் கொண்டாடுவதற்காகக் கூடுகிற ஓர் அவையில், தம் வகுப்பு சரியாக அமையவில்லையே என்று உள்ளூரக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர் வந்து என்ன சொல்வார்? அவர் முதல் கூட்டத்துக்கு மரியாதைக்காக வருவார், கைதட்டுவார், அடுத்த கூட்டத்தின்போது வேறு வேலை இருக்கிறது என்பார். எஞ்சியிருப்பவர்கள் ஏற்கெனவே நன்றாகப் பாடம் நடத்துகிறோம் என்று நம்புபவர்கள். அவர்களுக்குக் குழுவிடமிருந்து வேண்டியது அந்த நம்பிக்கைக்கு ஒரு சான்றிதழ். இந்த இரு தரப்பினருமே ஒரே ஆள்தான், ஒரே ஆசிரியரே ஒரு பாடத்தில் முதல் தரப்பிலும் இன்னொரு பாடத்தில் இரண்டாம் தரப்பிலும் இருக்கிறார் என்பதை அந்த அமைப்பில் யாரும் வெளியே சொல்ல வழி இருக்கவில்லை.

அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1993இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த நிலைமையைத் துல்லியமாக விவரிக்கிறது. பல்கலைக்கழகப் பணியில் சேரும்போது, ஆய்வு என்பது தனியாக உட்கார்ந்து செய்யும் வேலையாகவும் கற்பித்தல் என்பது பலரோடு கூடிச் செய்யும் வேலையாகவும் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தாராம். நடைமுறையில் அது நேர்மாறாக இருந்தது. ஆய்வைப் பிறர் படிக்கிறார்கள், மறுக்கிறார்கள், மேற்கோள் காட்டுகிறார்கள், அதன்மேல் அடுத்தவர் கட்டி எழுப்புகிறார். கற்பித்தலோ கதவுக்குப் பின்னால் நடந்து, மணி அடித்ததும் தடயமில்லாமல் மறைந்துவிடுகிறது. கற்பித்தலும் ஆய்வைப் போலவே அறிவுச் சமூகத்தின் பொதுச்சொத்தாக வேண்டும் என்பது அவர் வாதம். இதைப் படித்தபோது நான் என்னைக் கணக்குப் பார்த்துக்கொண்டேன். என்னுடைய மிகச் சாதாரணமான ஆய்வுக்கட்டுரையைக்கூட அச்சேறுவதற்கு முன் நாலைந்து பேர் வரிவரியாகப் படித்துக் குறை சொல்லியிருந்தார்கள். என் வகுப்பை 19 ஆண்டுகளில் மாணவர்களைத் தவிர வேறு யாராவது பார்த்திருக்கிறார்கள் என்றால், சுற்றறிக்கையில் கையொப்பம் வாங்குவதற்காக வாசலில் நின்ற அலுவலக உதவியாளர் ஒருவர்தான்.

ஆகவே இரண்டாவது முறை நாங்கள் தொடங்கியபோது ‘சிறந்த’ என்ற சொல்லைக் குழுவின் பெயரிலிருந்து எடுத்துவிட்டோம். பெயரையே எடுத்துவிட்டோம் என்பது இன்னும் சரி. எட்டுப் பேரிடம் தனித்தனியாக நேரில் போய்ச் சொன்னேன்: அடுத்த புதன்கிழமை, கடந்த தேர்வில் மாணவர்கள் எதிர்பாராத விதமாகத் தவறவிட்ட ஒரே ஒரு கேள்வியையும், அதற்கு அவர்கள் எழுதிய விடைகளில் 10ஐயும், மாணவர்களின் பெயரை மறைத்து எடுத்துவாருங்கள், உரை எதுவும் தயாரிக்க வேண்டாம். சுற்றறிக்கை அனுப்பவில்லை. சுற்றறிக்கை வழியாக வருகிறவர்கள் சுற்றறிக்கைக்காக வருகிறார்கள் என்பது முதல் குழு கற்றுத்தந்த பாடம்.

அந்த முதல் புதன்கிழமையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் குழு இன்றைக்கும் உயிரோடு இருப்பதற்கு அந்த ஒன்றேகால் மணி நேரமே காரணம் என்று நினைக்கிறேன். இயற்பியல் துறைப் பேராசிரியர் ஒருவர் தம் விடைத்தாள்களை மேசைமேல் பரப்பினார். செங்குத்தாக மேலே எறியப்பட்ட பந்து எவ்வளவு உயரம் போகும் என்பது கேள்வியின் முதற்பகுதி. பத்தில் ஒன்பது பேர் தசமப்புள்ளி வரை சரியாகக் கணக்கிட்டிருந்தார்கள். உச்சிப்புள்ளியில் பந்தின் முடுக்கம், அதாவது அதன் திசைவேகம் மாறும் வீதம், எவ்வளவு என்பது இரண்டாம் பகுதி; அதே மாணவர்களில் ஏழு பேர் பூச்சியம் என்று எழுதியிருந்தார்கள். பந்து அங்கே ஒரு கணம் நிற்கிறது, ஆகவே எல்லாமே பூச்சியம் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். இது பல ஆண்டுகளாக நடப்பதுதான் என்றும், மாணவர்களின் கவனக்குறைவே காரணம் என்றும், தாம் இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு மேலே போய்விடுவது வழக்கம் என்றும் அவர் சொன்னார்.

அப்போது இலக்கியம் கற்பிக்கும் அம்மையார் ஒருவர், தமக்கு இயற்பியல் தெரியாது என்ற முன்னுரையோடு ஒரு சந்தேகம் கேட்டார். முதற்பகுதியில் உயரத்தைச் சரியாகக் கணக்கிட்ட மாணவர்கள் முடுக்கத்துக்கு எந்த மதிப்பைப் போட்டுக் கணக்கிட்டார்கள்? பேராசிரியர் தாளைத் திருப்பிப் பார்த்தார். புவியீர்ப்பால் வரும் 9.8 என்று போட்டிருந்தார்கள். பந்து மேலே போகும் வழி முழுவதற்கும் முடுக்கம் 9.8 என்று தாமே எழுதிவிட்டு, பத்து வரி கழித்து, அந்த வழியின் கடைசிப் புள்ளியில் அது பூச்சியம் என்று எழுதியிருந்தார்கள். கவனக்குறைவு என்றால் ஏழு பேரும் ஒரே இடத்தில், ஒரே விதமாகக் கவனம் தவறுவார்களா? அவர்கள் கையில் இரண்டு இயற்பியல்கள் இருந்தன: சூத்திரத்தில் எண்களைப் பொருத்துவதற்கு ஒன்று, பந்தைப் பற்றி நினைப்பதற்கு இன்னொன்று. இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிடும் சந்தர்ப்பம் வகுப்பில் ஒருபோதும் வாய்த்ததில்லை. அறையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு வரலாற்றுத் துறை நண்பர், “பூச்சியம் என்றுதான் எனக்கும் தோன்றியது, சொல்லாமல் இருந்தேன்” என்றார், எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குப் பின் மற்றவர்கள் தத்தம் கட்டுகளை அவிழ்த்த வேகம் வேறாக இருந்தது.

இயற்பியல் கற்பிப்போர் வட்டாரத்தில் இது பழைய செய்தி என்பதைப் பின்னர் அறிந்தோம். இப்ராகிம் ஹல்லூன், டேவிட் ஹெஸ்டெனஸ் ஆகிய இருவரும் 1985இலேயே இத்தகைய அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் வினாத்தொகுப்பை வைத்து, வழக்கமான விரிவுரைப் பாடத்துக்குப் பின்பும் மாணவர்களின் பழைய எண்ணங்கள் பெரும்பாலும் அப்படியே நீடிப்பதைக் காட்டியிருக்கிறார்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் இந்த வகைச் சோதனையைத் தம் மாணவர்களுக்குக் கொடுத்தபோது, நீங்கள் சொல்லித்தந்தபடி விடை எழுத வேண்டுமா, இவற்றைப் பற்றி நான் இயல்பாக நினைக்கிறபடி எழுத வேண்டுமா என்று ஒரு மாணவி கேட்டதாக அவர் பல மேடைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். மாணவர்களிடம் நல்ல பெயர் வாங்கியிருந்த விரிவுரையாளர் அவர். வகுப்பின் நடுவே ஒரு கருத்து வினாவை எழுப்பி, மாணவர்கள் தனியே விடை தெரிவு செய்தபின், பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடி மறுபடியும் தெரிவு செய்யச் சொல்லும் முறைக்கு 1991 முதல் அவர் மாறியது இந்த அதிர்ச்சியால்தான். எங்கள் பேராசிரியர் இதையெல்லாம் முன்பே எங்கோ படித்திருந்தார். அச்செய்தி தம் மாணவர்களைப் பற்றியது என்று அவருக்குத் தோன்றியது, தம் கையெழுத்தில் மதிப்பெண் குறைக்கப்பட்ட தாளை இன்னொருவர் புரட்டிப் பார்த்த பிறகே.

இந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான் எங்கள் முதல் விதி: கூட்டத்தில் பேசுவதற்குக் கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும். விடைத்தாள், வினாத்தாள், பாடக்குறிப்பு, ஒரு வகுப்பின் ஒலிப்பதிவு, மாணவர் செய்துகொடுத்த ஒப்படைப்பு, எதுவாகவும் இருக்கலாம். பொருளில்லாமல் கூடும் ஆசிரியர்கள் பத்தே நிமிடத்தில் இக்கால மாணவர்களின் தரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பேச்சுக்கு முடிவே கிடையாது, அதில் நானும் வல்லவன்.

இரண்டாவது விதி, ஒரு துறையிலிருந்து இருவருக்கு மேல் வரக்கூடாது என்பது. இதற்கு எதிர்ப்பு இருந்தது. வேதியியல் வகுப்பைப் பற்றி வேதியியலாருக்குத்தானே தெரியும் என்றார்கள். பொருளறிவுக்கு அது உண்மை. ஆனால் இலக்கிய ஆசிரியர் கேட்ட அந்தச் சந்தேகத்தை இன்னோர் இயற்பியலாளர் கேட்டிருக்க மாட்டார். துறைக்கு வெளியே இருப்பவர் மாணவரின் நிலையில் உண்மையாகவே இருக்கிறார், நடிக்க வேண்டியதில்லை. மேலும் ஒரே துறைக்குள் அடுத்த ஆண்டு யார் துறைத்தலைவர், யாருக்கு எந்தப் பாடம், யாருக்குக் காலை வகுப்பு என்ற கணக்குகள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்குகள் ஓடும் இடத்தில் யாரும் தம் பலவீனத்தை மேசைமேல் வைக்க மாட்டார்கள். ஒஹாயோ மாநிலத்தின் மயாமி பல்கலைக்கழகத்தில் 1979 முதல் நடந்துவரும் ஆசிரியர் கற்றல் குழுக்களை வளர்த்தெடுத்த மில்டன் காக்ஸ், பல துறைகளைச் சேர்ந்த 8 முதல் 12 பேர் ஓராண்டுக் காலம் சேர்ந்து இயங்குவதைப் பரிந்துரைக்கிறார். எண்ணிக்கையைப் பற்றிய அவர் கருத்தை எங்கள் அனுபவமும் ஒப்புகிறது. ஆறு பேருக்குக் கீழே போனால் இருவர் வராத நாளில் கூட்டம் நடப்பதில்லை. பன்னிரண்டைத் தாண்டினால் மேடை தோன்றிவிடுகிறது, மேடை தோன்றினால் உரை தோன்றிவிடுகிறது. அதிகம் பேர் சேர விரும்பியபோது குழுவைப் பெருக்காமல் இரண்டாவது ஒன்றைத் தொடங்கச் சொன்னோம். அவர்கள் தொடங்கினார்கள், ஒரு செமஸ்டரோடு நின்றுபோயிற்று. அதற்கு நாங்கள் துணை நின்றிருக்க வேண்டும் என்ற குறை எனக்கு உண்டு.

நன்னூலின் பொதுப்பாயிரம் பாடம் சொல்வதையும் கேட்பதையும் பற்றி விரிவாகப் பேசுகிறது. ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குப் புலமையில் கால் பங்குதான் கிட்டும்; உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு; எஞ்சிய பாதி, தான் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே வந்துசேரும் என்று அது கணக்கிடுகிறது. மாணவர்களுக்கு இதை நாம் ஓயாமல் சொல்கிறோம். கற்பித்தல் என்ற கலையில் நமக்கு அந்த நடுவில் உள்ள கால் பங்கு, அதாவது உடன் பயில்வோர், எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வதில்லை. அதே பாயிரம் ஆசிரியர் ஆகாதாருக்குச் சொல்லும் உவமைகளில் ஒன்று கழற்காய் நிரப்பிய குடம்: காய்களைப் போட்டது ஒரு முறையில், கவிழ்த்தால் கொட்டுவது வேறு முறையில். என் பழைய பாடக்குறிப்புகளைக் குழுவில் ஒருநாள் வாசித்தபோது இந்த உவமையை நானே நினைவூட்டினேன். யாரும் மறுக்கவில்லை. ஒருவராவது மறுத்திருக்கலாம்.

இனி, சண்டைக்குக் காரணமான விதிக்கு வருகிறேன். குழுவில் பார்த்தது, கேட்டது எதுவும் பணி மதிப்பீட்டுக்குப் போகாது. குழு செயல்படுவது வெளியே தெரியவந்த மூன்றாம் ஆண்டில் நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்குள் நாங்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்வையிடத் தொடங்கியிருந்தோம், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட கடிதம்தான். எந்தெந்த ஆசிரியர்களின் வகுப்பை யார் பார்வையிட்டார்கள், அவதானிப்பின் சுருக்கம் என்ன என்பதைத் தந்தால், பதவி உயர்வின்போது கற்பித்தலுக்கும் உரிய மதிப்புக் கொடுக்க உதவியாக இருக்கும் என்று அதில் இருந்தது. கற்பித்தலுக்கு மதிப்பில்லை என்று வாழ்நாள் முழுவதும் புலம்பியவர்கள் நாங்கள். புலமையில் நான்கு வகை உண்டு, கற்பித்தலும் அவற்றில் ஒன்று என்று அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் பாயர் 1990இல் எழுதியதை எல்லாக் கூட்டங்களிலும் எடுத்துச் சொன்னவர்கள். இப்போது கேட்கிறார்கள், கொடுக்க மாட்டோம் என்றால் என்ன நியாயம் என்று எங்களில் இருவர் கேட்டார்கள். அதில் ஒருவர் ஒப்பந்த முறையில் பணியாற்றுபவர். அவருக்கு அந்த ஒரு பக்கச் சுருக்கம் வேலை நீட்டிப்பையே தீர்மானிக்கக்கூடும்.

மூன்று கூட்டங்கள் இதற்கே போயின. கடைசியில் நாங்கள் எழுதிய பதில் இது: அவதானிப்புக் குறிப்புகள் யாருடைய வகுப்பு பார்க்கப்பட்டதோ அவருக்கே சொந்தம், நகல் எதுவும் குழுவிடம் இருப்பதில்லை, அவர் விரும்பினால், தாம் எதைக் கவனித்தார், எதை மாற்றினார், அதன்பின் மாணவர் விடைகளில் என்ன வேறுபாடு கண்டார் என்பதைத் தம் சொற்களில் எழுதித் தம் கற்பித்தல் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம். ஆசிரியர் தம் கற்பித்தலுக்கான சான்றுகளைத் தாமே திரட்டி வைக்கும் கற்பித்தல் தொகுப்பு என்ற வழக்கம், கனடாவின் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் 1980களில் பரவலாக்கியது, இதற்குக் கைகொடுத்தது. மதிப்பிடுவது நிர்வாகத்தின் கடமை, அதை அவர்கள் செய்யட்டும், அதற்கென வேறு ஆட்களையும் வேறு நாளையும் வைத்துக்கொள்ளட்டும் என்பதே எங்கள் நிலை. ஒப்பந்த ஆசிரியர் தம் தொகுப்பை எழுதினார். அதை எழுதுவதற்குக் குழு முழுவதும் உதவியது. இந்த விதி மட்டும் இல்லாதிருந்தால் அடுத்த கூட்டத்திலிருந்தே எல்லாரும் தம் மிகச் சிறந்த வகுப்பைத்தான் காட்டியிருப்பார்கள், நாங்கள் பழைய இலச்சினைக் குழுவாக மாறியிருப்போம்.

மாணவர்கள் நிரப்பும் கருத்துப்படிவமே போதுமே, சக ஆசிரியர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மாணவர்கள் சொல்வதில் மதிப்பு இருக்கிறது: ஆசிரியர் நேரத்துக்கு வருகிறாரா, குரல் கேட்கிறதா, கேள்வி கேட்டால் சினக்கிறாரா என்பதையெல்லாம் அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. கற்றோமா என்பதை அந்தப் படிவம் சொல்வது கடினம். 1970இல் அமெரிக்காவில் ஒரு நடிகரை ‘டாக்டர் பாக்ஸ்’ என்ற பெயரில் அறிஞராக அறிமுகப்படுத்தி, முன்னுக்குப்பின் முரணும் வெற்றுச் சொல்லும் நிறைந்த உரையை நகைச்சுவையோடும் கவர்ச்சியோடும் ஆற்றவைத்தார்கள். கேட்டவர்கள் மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள் முதலியோர். அவர்கள் நிரப்பிக்கொடுத்த படிவங்கள் உரையைப் பாராட்டின. இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் செய்து 2019இல் வெளியான ஆய்வொன்றில், தாமே சிந்தித்துச் செயல்பட வேண்டியிருந்த வகுப்பில் இருந்த மாணவர்கள் சோதனையில் அதிகம் பெற்றார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தெளிவான விரிவுரையைக் கேட்டவர்கள் நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள். முயற்சியின் சிரமத்தைக் கற்காததன் அறிகுறியாக எடுத்துக்கொள்வது மனித இயல்பு போலும்.

வகுப்பைப் பார்வையிடுவதற்கு நாங்கள் துணிந்தது இரண்டாம் ஆண்டில்தான். அவசரப்பட்டிருந்தால் கெட்டிருக்கும். வழக்கம் எளியது: பார்க்கப்படுபவர் முந்தைய நாளே ஒரு கேள்வியைக் கொடுக்க வேண்டும், பார்ப்பவர் அந்தக் கேள்விக்கு உரியதை மட்டும் கவனித்து எழுத வேண்டும், மறுநாள் இருவரும் தனியே பேச வேண்டும். தீர்ப்புச் சொற்கள் கூடாது. 2013இல் பிரிட்டிஷ் கொலம்பியா, மெய்ன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட அவதானிப்பு முறையில், 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று குறிப்பது மட்டுமே உண்டு. நன்று, தீது என்ற பேச்சே இல்லை. நாங்கள் அதை அப்படியே பின்பற்றவில்லை, அதன் அடக்கத்தை எடுத்துக்கொண்டோம்.

என் வகுப்புக்கு நான் கொடுத்த கேள்வி, “மாணவர்கள் ஏன் பதில் சொல்வதில்லை?” என்பது. பார்வையிட வந்தவர் புள்ளியியல் துறையைச் சேர்ந்த இளைஞர். கடைசி வரிசையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாள் அவர் என்னிடம் கொடுத்த தாளில் ஒரே ஒரு பட்டியல்தான் இருந்தது: 50 நிமிடத்தில் நான் கேட்ட 23 கேள்விகளும், ஒவ்வொன்றுக்கும் பின் நான் மறுபடி வாய் திறப்பதற்கு எடுத்துக்கொண்ட வினாடிகளும். ஒரு வினாடி, ஒன்றரை, ஒன்று, இரண்டு. மேரி பட் ரோவ் என்ற ஆய்வாளர் 1970களில் பள்ளி வகுப்புகளின் ஒலிப்பதிவுகளிலிருந்து கண்டதும் ஏறக்குறைய இதுவே. ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள், அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது விடைகளின் நீளமும் எண்ணிக்கையும் கூடின, பேசாதவர்களும் பேசினார்கள். எனக்கு அந்த மூன்று வினாடி இன்றைக்கும் மூன்று நிமிடமாகத்தான் இருக்கிறது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மனத்துக்குள் எண்ணுகிறேன். எண்ணத் தொடங்கிய மூன்றாம் வாரத்தில், சாளரத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும் மாணவி ஒருவர் முதன்முறையாகப் பேசினார். சொன்னது தவறான விடை, ஆனால் அந்தத் தவறைச் சுற்றித்தான் அன்றைய வகுப்பு முழுவதும் நடந்தது.

எல்லாம் இப்படி நன்றாகவே நடந்துவிடவில்லை. ஒரு கூட்டத்தில் புதிதாகப் பணியில் சேர்ந்த ஒருவர் தம் வகுப்பின் ஒலிப்பதிவைக் கொண்டுவந்தார். ஏழு பேரும் ஆளுக்கு இரண்டு யோசனை சொன்னோம். அத்தனையும் நல்ல யோசனை. பதினான்கு நல்ல யோசனைகளை ஒரே நேரத்தில் கேட்டவர் முகத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அவர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. நான் போய் மன்னிப்புக் கேட்டபோது மிகுந்த பண்போடு, பணிச்சுமை அதிகம் என்றார். கேட்டால் ஒழிய யோசனை சொல்லக்கூடாது, முதல் 20 நிமிடம் கேள்விகள் மட்டுமே என்ற விதி அவரால் வந்தது. அவர் திரும்பி வரவேயில்லை.

குழுவுக்குள் தீராத கருத்துவேறுபாடு ஒன்றும் உண்டு. அதைத் தீர்க்க வேண்டும் என்று இப்போது நான் நினைப்பதில்லை. 2014இல் ஸ்காட் ஃப்ரீமனும் உடனாய்வாளர்களும் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் செய்யப்பட்ட 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவர்கள் ஏறத்தாழ 34 விழுக்காடாகவும், மாணவர்கள் செயலில் ஈடுபட்ட வகுப்புகளில் ஏறத்தாழ 22 விழுக்காடாகவும் இருந்தார்கள். இந்த எண்களை நான் முன்வைத்த நாளில், எங்கள் கணிதப் பேராசிரியர், சராசரிகள் வகுப்பெடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார். அவர் கரும்பலகையில் ஒரு தேற்றத்தை நிறுவுவதை நான் பார்த்திருக்கிறேன். வழி தெரியாதவர் போல நின்று, தவறான திசையில் நான்கு வரி எழுதி, அழித்து, ஏன் அழித்தார் என்பதைச் சொல்லி, மறுபடி தொடங்குவார். மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாலும் மனம் ஓடிக்கொண்டிருப்பது முகத்தில் தெரியும். அவரைப் போன்றவர் விரிவுரை நிகழ்த்துவதை நிறுத்த வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவரைப் பார்த்துத் தாமும் அப்படித்தான் நடத்துகிறோம் என்று எண்ணிக்கொள்ளும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அந்த 225 ஆய்வுகள் தேவை. அவரும் இப்போது ஒரு வேலை செய்கிறார்: நிறுவலின் பாதியில் நின்று, அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று ஆளுக்கொரு தாளில் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்கிறார். எங்கள் வற்புறுத்தலால் அல்ல, அந்தத் தாள்களைக் குழுவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதற்காகவாம்.

அமைப்பு தொடர்பான மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒருங்கிணைப்பாளர் செமஸ்டருக்கு ஒருவர். அவருடைய வேலை அறையைத் திறந்துவைப்பதும், அடுத்து யார் பொருள் கொண்டுவருகிறார் என்று நினைவூட்டுவதும்தான். நேரம் 75 நிமிடம், தாமதமாக வருபவருக்காகக் காத்திருப்பதில்லை, நீட்டுவதும் இல்லை. இரண்டு முறை தொடர்ந்து பொருள் கொண்டுவராதவர் மூன்றாம் முறை கட்டாயம் கொண்டுவர வேண்டும். துறைத்தலைவராகப் பொறுப்பேற்பவர் அந்தக் காலம் முடியும் வரை விலகி இருக்க வேண்டும். இதனால் நல்ல உறுப்பினர்கள் இருவரை இழந்திருக்கிறோம், ஒருவர் பதவி முடிந்த மறுவாரமே திரும்பி வந்துவிட்டார். ஒப்பந்த ஆசிரியர்களையும் பகுதிநேர ஆசிரியர்களையும் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும். முதலாண்டு மாணவர்களின் வகுப்புகளில் பெரும்பகுதியை அவர்கள்தான் நடத்துகிறார்கள். அவர்கள் இல்லாத குழு பல்கலைக்கழகத்தின் பாதி வகுப்பறைகளைப் பார்க்காத குழு. அவர்கள் வருவதற்கு வசதியான நேரம் எது என்பதை வைத்தே கூட்ட நேரத்தைத் தீர்மானியுங்கள், மூத்த பேராசிரியரின் வசதியை வைத்து வேண்டாம்.

மூத்தவர்களிடமிருந்து வேண்டுவது வேறொன்று: முதலில் அவர்கள் தம் மோசமான வகுப்பைக் காட்ட வேண்டும். இளையவர்கள் காட்டத் துணிவதற்கு வேறு எந்த உத்தரவாதமும் ஈடாகாது. முதல் புதன்கிழமை இயற்பியல் பேராசிரியர் தம் கட்டை அவிழ்த்தபோது அவருக்கு ஓய்வுபெற நான்கு ஆண்டுகள் இருந்தன. இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லலாம். நற்பெயர் இருந்தது. ஓய்வுபெறும் முன் அவர் கடைசியாக அமைத்த வினாத்தாளில் அந்தப் பந்துக் கேள்வி மறுபடி இடம்பெற்றது, இரண்டாம் பகுதி முதலிலும் முதற்பகுதி இரண்டாவதாகவும். அந்த விடைத்தாள்களையும் கொண்டுவந்தார். பத்தில் மூன்று பேர் இன்னமும் பூச்சியம் என்று எழுதியிருந்தார்கள். அந்த மூன்று பேரைப் பற்றியே அன்று முழுவதும் பேசினோம்.

இந்தச் செமஸ்டரில் ஒருங்கிணைப்பாளர், முன்பு நான் சொன்ன ஒப்பந்த ஆசிரியர். நேற்று நினைவூட்டல் வந்தது: வரும் புதன்கிழமை பொருள் கொண்டுவர வேண்டியவன் நான். 11 ஆண்டுகளாக வார்த்தை மாறாமல் நான் கேட்டுவரும் ஒரு கட்டுரை வினா இருக்கிறது. அதற்கு மாணவர்கள் எழுதும் விடைகளும் 11 ஆண்டுகளாக ஏறத்தாழ ஒரே விடையாக இருக்கின்றன. அவை நல்ல விடைகள் என்றுதான் இதுவரை நினைத்துவந்தேன். இன்று மாலை பத்துத் தாள்களைத் தெரிந்தெடுத்துப் பெயர்களை மறைத்துக் கட்டி வைத்திருக்கிறேன். இலக்கிய அம்மையார் என்ன சந்தேகம் கேட்பார் என்று இப்போதே யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.